ஈரம் அளக்க வரும் மத்தியக் குழுவுக்கு டெல்டாவிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள மத்தியக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் பலருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. பரவாயில்லை, உங்களோடு ஒரே வண்டியில் வருகிற நம்மூர் அதிகாரிகள் யாராவது படித்துச் சொல்லட்டும். சொல்லும்போது காரத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள், அதுவும் தெரியும். அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நெல் கொள்முதலில் 17 சதவீத ஈரப்பதம் என்ற விதியை ஒவ்வொரு ஐப்பசியிலும் வந்து, மாதிரி எடுத்து, யோசித்துத் தளர்த்துகிற வேலையை விட்டுவிடுங்கள். காவிரி டெல்டாவின் மழைக்கால அறுவடைக்கென்று ஒரு நிரந்தர விதி போடுங்கள். 22 சதவீதம் வரை நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள், 17-க்கு மேலே போகிற ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் பிடித்துக்கொள்ளுங்கள். சலுகையே வேண்டாம், கணக்குப்படி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

வருஷா வருஷம் நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி பிறக்கும், மழை பிடிக்கும், கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்த நெல் நனையும், டிவியில் ஒருவர் முளைத்த நெல்லைக் கையில் ஏந்திக்கொண்டு பேசுவார், மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும், அங்கே கோப்பு மேஜை மேஜையாக நகரும், அப்புறம் நீங்கள் விமானம் ஏறி வருவீர்கள். 2022 அக்டோபரில் 22 சதவீதம் கேட்டார்கள், 19 வரை கொடுத்தீர்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில், தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை பெய்து அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் படுத்துவிட்டன, அப்போதும் 22 கேட்டார்கள், 20 கொடுத்தீர்கள். 2025 அக்டோபரில் மறுபடியும் 22, மறுபடியும் குழு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவது மாதிரி இருக்கிறது இது. அங்கேயாவது பேரம் ஒரே நாளில் முடியும், மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் வருகிற நாளில் நானும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் நாள் சாயங்காலமே நிலையத்தைக் கூட்டி, சிந்திக் கிடந்த பதரையெல்லாம் அள்ளி, புதுத் தார்ப்பாய் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். நீங்கள் வந்து குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, முகர்ந்து பார்த்து, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிச் சீட்டு ஒட்டுவீர்கள். சுற்றி நிற்கிற விவசாயிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மொழிபெயர்த்துச் சொல்கிறவர் பத்து வாக்கியத்தை ஒரு வாக்கியமாக்கிச் சொல்வார், நீங்கள் தலையாட்டுவீர்கள். அடுத்த நிலையம். மாதிரி ஆய்வகத்துக்குப் போய், அறிக்கையாகி, உத்தரவாகி வருவதற்குள் இங்கே கதை முடிந்திருக்கும். குறுவை என்கிற இந்தக் குறுகிய காலப் பயிரின் அறுவடை நெருக்கிப் பிடித்தால் சில வாரக் கூத்துதான். மழை தொடங்கிய பிறகு கடிதம் எழுதி, கடிதத்துக்குப் பிறகு குழு வந்து, குழுவுக்குப் பிறகு உத்தரவு வந்தால், அது அறுத்து விற்று முடித்தவனுக்கு வருகிற உத்தரவு. நனைந்ததை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவனுக்கு, 'இன்றைக்கு முதல் 19 வரை வாங்குவார்கள்' என்ற செய்தியைப் பேப்பரில் படிப்பதில் என்ன லாபம்?

இங்கே ஒன்று கேட்பீர்கள் என்று தெரியும்: மழை வரும் என்று தெரிந்தும் ஏன் அந்த நேரத்தில் அறுக்கிறீர்கள்? எங்கள் நாட்காட்டி எங்கள் கையில் இல்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் அது நல்ல வருஷம். 2025-ல் அப்படித் திறந்தார்கள், குறுவை 6 லட்சம் ஏக்கருக்கு மேல் போனது. 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். நல்ல வருஷத்திலேயே ஆற்றுத் தண்ணீரை நம்பி நாற்று விட்டு நட்டால், நூற்றுப்பத்து நாள் சொச்சம் வயதுள்ள பயிர் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்தான் அறுப்புக்கு வரும். போர்செட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே நட்டு முன்கூட்டியே அறுத்துவிடுவார்கள், அவர்களுக்குப் பிரச்சினை குறைவு. மற்றவர்களுக்கு அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். 2025-ல் அக்டோபர் 16-ம் தேதியே பருவமழை தொடங்கிவிட்டது என்று வானிலைத் துறை அறிவித்தது. 20-ம் தேதி தீபாவளி. சுமை தூக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் ஊருக்குப் போகிற நேரம், நெல் குவிகிற நேரம், மழை பெய்கிற நேரம், மூன்றும் ஒரே வாரத்தில்.

பஞ்சாபில் இந்தச் சிக்கல் இதே உருவத்தில் இல்லை. அங்கே தென்மேற்குப் பருவமழை சாதாரணமாக செப்டம்பர் கடைசிக்குள் விலகிவிடும். அக்டோபரில் வறண்ட காற்று, தெளிந்த வானம், பெரிய பெரிய சிமென்ட் தளம் போட்ட மண்டிகள். அந்தக் காற்றில் நெல்லைப் பரப்பிப் போட்டால் தானாகக் காய்ந்து 17-க்கு வந்துவிடும். 17 என்கிற எண் அந்த ஊருக்கு, அந்த மாதத்துக்குப் பொருந்துகிற எண். அதே எண்ணை அதே மாதத்தில் எங்கள் தலையில் வைத்தால் எப்படி?

இதை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதே இல்லை. தானிய சேமிப்பு படித்தவர்கள் நீங்கள். நெல் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும், காற்றில் எவ்வளவு ஈரமோ அதற்குத் தக்கபடிதான் போய் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நெல் 17, 18-ல் போய் நின்றுகொள்ளும். அதற்குக் கீழே இறங்காது, இறங்கியிருந்தாலும் ராத்திரியில் திரும்ப ஏறிக்கொள்ளும். அடைமழை பிடித்த வாரத்தில் திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ காலையிலும் ராத்திரியிலும் காற்று அந்த அளவில்தான் இருக்கும். அதாவது நாங்கள் எவ்வளவு மெனக்கெட்டாலும் அந்தக் காற்றே காயவிடாத நெல்லைக் காயவைத்துக் கொண்டுவா என்கிறது விதி. அடுப்பில் வைத்து வறுத்தால்தான் உண்டு.

இன்னொரு விஷயம், இதை எங்கள் ஆட்களே அதிகம் பேசுவதில்லை. நெல்லின் ஈரம் கூடிப்போனதற்கு மழை மட்டும் காரணம் இல்லை, அறுக்கிற விதமே மாறிவிட்டது. முன்னே ஆள் வைத்து அறுப்பார்கள். அறுத்ததை அரி அரியாக வயலிலேயே போட்டு வைப்பார்கள், தாளோடு சேர்ந்து நெல்லும் காயும், அப்புறம் கட்டுக் கட்டி, களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, தூற்றி, மறுபடியும் காயவைத்து, பத்தாயத்தில் கொட்டுவார்கள். கதிரில் இருந்த ஈரம் இத்தனை படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். இப்போது அறுவடை இயந்திரம் வயலில் இறங்கி, நின்ற பயிரை அப்படியே அறுத்து, நெல்லைப் பிரித்து, டிராக்டர் டிப்பரில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை கூட. கொட்டுகிறபோது நெல் 20, 22, சில நேரம் அதற்கும் மேலே இருக்கும். காலையில் பச்சையாக நின்ற பயிரின் நெல் சாயங்காலம் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கிறது. நடுவே காய்வதற்கென்று இருந்த நாட்கள் காணாமல் போய்விட்டன. களமும் காணாமல் போய்விட்டது, அது வேறு கதை. ஊருக்கு ஊர் பொதுக் களம் என்று இருந்ததில் எத்தனை இன்றைக்குக் களமாக இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

சரி, இயந்திரம் வேண்டாம், ஆள் வைத்து அறுங்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆளும் கிடையாது, அந்தக் கூலி கொடுத்தால் மிஞ்சவும் மிஞ்சாது.

களம் இல்லாததால் காய்கிற இடம் சாலை. மன்னார்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பார்க்கலாம், தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்திருக்கும், ஓரத்தில் கருங்கல்லும் கருவேல முள்ளும் வரிசையாக வைத்திருப்பார்கள். காலையில் பனி இறங்கி ரோடு காய்கிறவரை தார்ப்பாயைத் திறக்க முடியாது. பத்து பத்தரைக்கு மேல்தான் பரப்ப முடியும். பரப்பினால் போதாது, மணிக்கொரு தரம் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாதத்தை இழுத்து இழுத்து நடப்பார்கள், நெல் பாத்தி பாத்தியாகப் பிரியும், திரும்பி வரும்போது அந்தப் பாத்தியை மூடிக்கொண்டு வருவார்கள். நெல்லின் சுணை கால் விரல் இடுக்கெல்லாம் அரிக்கும். மூன்று மணிக்கு மேற்கே கறுத்தால் ஓட்டம்தான், கையில் கிடைத்த பலகை, முறம், துடைப்பம் எல்லாவற்றாலும் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயை இழுத்துப் போட்டு நான்கு பக்கமும் கல் வைப்பார்கள். அந்தப் படுதாவுக்குள்ளே கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். ஈர நெல் மூச்சு விடும், அந்தச் சூட்டில் தானே வெந்துகொள்ளும், புளித்த வாடை வரும், ரெண்டு நாள் திறக்க முடியாமல் போனால் ஓரத்து நெல்லில் வெள்ளை வெள்ளையாக வேர் தலைகாட்டும். குறுவைக்குப் போடுகிற குறுகிய கால ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் என்பது இல்லாத குறைதான். தண்ணீர் பட்டால் வயலில் நின்றபடியேகூட முளைத்துவிடும். சாலையில் நெல் காய்வதால் ராத்திரியில் பைக்கில் வருகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள், போலீசும் வந்து சத்தம் போடுகிறது, அவர்கள் சத்தம் போடுவதும் நியாயம்தான்.

இத்தனையும் செய்துவிட்டு நிலையத்துக்குப் போனால், ஈரம் காட்டுகிற மானியின் கிண்ணத்தில் நெல்லைப் போட்டு எண்ணைப் பார்ப்பார்கள். 18.4. 'கொண்டு போய்க் காயவச்சி எடுத்தாங்க' என்பார் பட்டியல் எழுத்தர். அதே நெல் வேறொரு நிலையத்தில் 17.6 காட்டும். அந்த மானிகளை, நெல்லை அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கிற முறையோடு அடிக்கடி ஒப்பிட்டுச் சரிபார்த்துத் திருத்த வேண்டும் என்பது எனக்குத் தெரிவதை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் மானிக்குக் கடைசியாக எப்போது அளவு திருத்தினீர்கள் என்று கேட்டதற்கு அங்கே இருந்தவர் சிரித்தார், அவ்வளவுதான். ஆனால் பட்டியல் எழுத்தரை முழுசாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பருவகால வேலை, சொற்பச் சம்பளம். 19-ல் வாங்கி அடுக்கிய நெல் கிடங்குக்குப் போகும்போது காய்ந்து எடை குறைந்தால், அந்தக் குறைவை அவர் தலையில் கட்டுகிறார்கள். தன் கையிலிருந்து கட்ட வேண்டியவன் 17.1-ஐக்கூட சந்தேகமாகத்தான் பார்ப்பான். மேலே நீங்கள் போட்ட கோடு கீழே அவன் பயமாக மாறுகிறது, அந்தப் பயம் எங்களுக்கு வரிசையாகவும் காத்திருப்பாகவும் மாறுகிறது. அந்த இடைவெளியில்தான் 'மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தா பாத்துக்கலாம்' என்ற பேச்சும் நுழைகிறது.

வரிசையில் நிற்க முடியாதவர்கள் வியாபாரியைக் கூப்பிடுகிறார்கள். வியாபாரி ஈரம் பார்ப்பான், ஆனால் திருப்பி அனுப்ப மாட்டான், விலையில் பார்த்துக்கொள்வான். 60 கிலோ மூட்டை என்று பேசி ஒன்றிரண்டு கிலோ கூடப் பிடிப்பான். 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்தில் தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதல் விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. இதில் உங்கள் ஆதார விலை 2,389-ம் 2,369-ம், மீதி மாநிலத்தின் ஊக்கத்தொகை. அந்தக் கணக்கில் 60 கிலோ சன்ன ரகம் 1,527 ரூபாய் ஆக வேண்டும். மழை பெய்கிற அன்றைக்கு வியாபாரி அந்தப் பக்கமே வர மாட்டான். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவருக்கு நிலையத்தில் விற்பதும் கஷ்டம்தான், அடங்கல், சிட்டா என்ற நிலப் பதிவுகள் எல்லாம் நிலத்துக்காரர் பேரில் இருக்கும், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரிசைக்கு வருவதற்குள் நெல் நனைந்திருக்கும்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். 17 என்பது யாரோ தூக்கத்தில் எழுதிய எண் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேலே ஈரம் இருந்தால் அடுக்கின மூட்டை சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பாகும். ஆலைக்காரர் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும், பச்சரிசியானால் 67. ஈர நெல்லில் தண்ணீருக்கும் சேர்த்து எடை போட்டால் அவருக்குக் கட்டுப்படியாகாது. எல்லாம் சரி. கடைசியில் அந்த அரிசி ரேஷன் கடை வழியாக எங்கள் வீட்டு உலைக்கே வருகிறது, கெட்ட அரிசியைச் சாப்பிட எங்களுக்கு மட்டும் ஆசையா? ஆனால் ஒன்று. தமிழ்நாட்டில் ரேஷனுக்குப் போவதில் பெரும்பங்கு புழுங்கலரிசி. ஆலைக்குப் போனதும் அதே நெல்லை மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆவியில் வேகவைத்து, அப்புறம் உலர்த்தித்தான் அரைக்கிறார்கள். நாங்கள் சாலையில் சாகடித்துக் காயவைத்த நெல்லை ஆலையில் முதல் வேலையாக நனைக்கிறார்கள். ஆகவே, நிலையத்திலிருந்து ஆலைக்குப் போகிற இடைவெளியில் அது கெடாமல் இருந்தால் போதும். அந்த இடைவெளியைச் சுருக்குவது அரசின் வேலை. அதைச் சுருக்க முடியாததால்தான் முழுச் சுமையும் விவசாயியின் தார்ப்பாய்க்கு வருகிறது.

எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம், பள்ளிக்கூடக் கணக்குதான். 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் தண்ணீர் போக 83 கிலோ. 22 சதவீத ஈரமுள்ள நெல்லில் 78 கிலோ. 78-ஐ 83-ஆல் வகுத்தால், 22 சதவீத நெல் 100 கிலோ என்பது 17 சதவீத நெல் சுமார் 94 கிலோவுக்குச் சமம். 6 கிலோ வித்தியாசம். ஒவ்வொரு சதவீதத்துக்கும் 1.2 கிலோ. சன்ன ரகத்துக்கு அந்த 2,545 ரூபாய்க் கணக்கில் சொன்னால் சதவீதத்துக்குச் சுமார் 31 ரூபாய், 22-ல் வந்தால் குவிண்டாலுக்கு 153 ரூபாய் பிடித்தம். ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் 3,825 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் இந்த இழப்பு காயவைத்தாலும் எங்களுக்கு உண்டு, தண்ணீர் ஆவியாகிப் போனால் எடையும் போகிறதே. காயவைக்கிற ஆள் கூலி, தார்ப்பாய் வாடகை, ராத்திரிக் காவல், மழையில் நனைகிற பயம், இதெல்லாம் அதற்கு மேலே. ஆகவே அந்த 153-ஐப் பிடித்துக்கொண்டு நெல்லை அன்றைக்கே எடுத்துக்கொண்டால், என்னைக் கேட்டால், மறு பேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டு வருவேன். என்னைப் போல நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பிடித்தமே கூடாது, 22-க்கும் முழு விலை வேண்டும் என்று சொல்கிற சங்கங்களும் இருக்கின்றன. அவர்களோடு இந்த விஷயத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை, தண்ணீருக்கு விலை கேட்டால் அடுத்த வருஷமும் துண்டுக்குள் விரல்தான்.

இது புதுமையான யோசனையும் இல்லை. கோதுமைக்கு உங்கள் விதி என்ன? 12 சதவீதம் வரை முழு விலை, 12-லிருந்து 14 வரை ஈரத்துக்கு ஏற்ப விலை குறைப்பு. வடக்கே கோதுமை விவசாயிக்கு இந்த ஏணி பல வருஷமாக இருக்கிறது. ஆலைக்காரர் உங்களிடம் ஒப்படைக்கிற அரிசிக்கும் 14 வரை முழு விலை, 15 வரை விலைக் குறைப்போடு எடுக்கலாம் என்று உங்கள் தர விதிகளிலேயே இருந்து வந்திருக்கிறது. கோதுமைக்கு உண்டு, அரிசிக்கு உண்டு, நடுவே நெல்லுக்கு மட்டும் 'எடு இல்லையென்றால் திருப்பி அனுப்பு' என்ற ஒரே கோடு. ஏன் என்று நான் பலரிடம் கேட்டுப் பார்த்தேன், யாரும் காரணம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

தாய்லாந்தில் 15 சதவீத ஈரத்தை அடிப்படையாக வைத்து, அதற்கு மேலே ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் பிடித்து வாங்குகிறார்கள். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் இயந்திரம் கொட்டுகிற ஈர நெல்லை வயல் ஓரத்திலேயே படகில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், காயவைப்பது வாங்குகிறவன் பாடு. அவர்களும் மழை நாட்டுக்காரர்கள்தான், உலகத்துக்கே அரிசி விற்கிறவர்கள். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் கேரளத்துக் குட்டநாட்டுக்குப் போங்கள். அங்கே ஈரத்தைக் காட்டி ஆலை ஏஜென்டுகள் குவிண்டாலுக்கு இத்தனை கிலோ தள்ளு என்று கேட்பதும், விவசாயிகள் முடியாது என்று உட்காருவதும் அறுவடைக்கு அறுவடை நடக்கிறது. எழுதின விதி இல்லாத இடத்தில் வலுத்தவன் சொல்வதே விதி. பிடித்தம் என்பது இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பட்டியலில் எழுதி ரசீதோடு பிடியுங்கள் என்கிறேன்.

எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட்டுவிட்டு மாநில அரசு நழுவிவிடவும் கூடாது. நெல் நனைவதற்கு ஈர விதி பாதிக் காரணம் என்றால், வாங்கின நெல் நகராமல் கிடப்பது மீதி. நிலையத்தில் வாங்கி அடுக்கிய சிப்பங்கள் லாரிக்குக் காத்துக் கிடக்கும், அவை நகர்ந்தால்தான் அடுத்தவர் நெல்லுக்கு இடம். பல நிலையங்களுக்குக் கூரை கிடையாது, ஏதோ ஒரு புறம்போக்கில் கீற்றுக் கொட்டகை, சுற்றிலும் சேறு. 2025-ல் செறிவூட்டிய அரிசிக்காகக் கலக்கிற, சத்துச் சேர்த்த குருணைக்கு மத்திய அரசின் அனுமதி தாமதமானதால்தான் ஆலைகளில் வேலை தேங்கியது என்று மாநிலம் சொன்னது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார், நூற்றுக்கு ஒரு பங்கு கலக்கிற குருணைக்காக மீதி 99 பங்கும் மழையில் நின்றது என்பதுதான் நான் பார்த்தது. அறுவடை எந்த வாரம் வரும் என்று வேளாண்மைத் துறைக்கு நடவின்போதே தெரியும். எந்த வட்டத்தில் எத்தனை ஏக்கர், என்ன ரகம், எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கிறது. அதை வைத்து லாரிக்கும் சாக்குக்கும் ஏற்பாடு செய்ய ஐப்பசி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

உலர்த்தி இயந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷம் தவறாமல் வந்து ஈரத்தை அளக்கிறீர்கள், ஒரு வருஷமாவது அதைப் போக்குகிற இயந்திரத்தோடு வாருங்கள் என்று கேலியாகச் சொல்வார்கள் எங்கள் பக்கம். கேலி என்றாலும் அதில் விஷயம் இருக்கிறது. ஆலைகளில் உமியை எரித்துத்தான் கொதிகலன் ஓடுகிறது. அதே உமியில் ஓடுகிற உலர்த்தியை நாலைந்து கொள்முதல் நிலையங்களுக்கு நடுவே ஒன்று என்று வைத்தால், 22-ல் வாங்கின நெல்லை அன்றைக்கு ராத்திரியே இறக்கிவிடலாம். 2020-ல் வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்று 1 லட்சம் கோடி ரூபாய்க்கு அறிவித்தீர்கள், 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடியும் உண்டு என்றீர்கள். கூட்டுறவுச் சங்கம் எடுக்கலாம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எடுக்கலாம். ஆனால் வருஷத்தில் சில வாரம்தான் ஓடும் இயந்திரத்துக்கு யாரும் துணிந்து கடன் வாங்க மாட்டார்கள், உலர்த்துகிற கூலிக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று கொள்முதல் செலவிலேயே ஒரு தொகை ஒதுக்கினால் வருவார்கள். நாங்கள் கொடுக்கிற பிடித்தம் எடைக்குச் சரியாகப் போய்விடும், உலர்த்துகிற கூலியை அரசு ஏற்க வேண்டும். இதில் மட்டும் நான் சலுகை கேட்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

விதியை மாற்றுவது அவ்வளவு லேசா என்பீர்கள். 2021 அக்டோபரில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மழையால் நெல்லில் ஈரம் இருக்கிறது என்று கொள்முதலை 11-ம் தேதிக்குத் தள்ளி வைத்தீர்கள். விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், 3-ம் தேதியே கொள்முதல் தொடங்கியது. ரெண்டு நாளில் முடிவு மாறியது. குழு போகவில்லை, பாலித்தீன் பை போகவில்லை. மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? நாங்களும் டிராக்டரை நெடுஞ்சாலையில் நிறுத்தினால்தான் நடக்கும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், ஆனால் அறுப்பு நேரத்தில் டிராக்டர் எங்களுக்கு வயலில் வேலையாக இருக்கும்.

உங்கள் இந்திய உணவுக் கழகம் 1965-ல் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது எங்கள் தஞ்சாவூரில்தான். உங்களிடம் எங்கள் ஐப்பசியைப் பற்றி அறுபது வருஷத்துக் கணக்கேடு இருக்க வேண்டும். எந்த வருஷம் எந்த வாரத்தில் மழை, எந்த நிலையத்தில் சராசரி ஈரம் எவ்வளவு, தளர்த்தி வாங்கின வருஷங்களில் கிடங்கில் எவ்வளவு கெட்டது, எல்லாம் உங்கள் அலமாரியில்தான் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். புதுசாக ஒரு பிடி நெல்லை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

தமிழ்நாட்டில் கொள்முதல் பருவம் செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது. உத்தரவு ஆகஸ்ட் கடைசிக்குள் வந்தால் போதும். 17, 18, 19, 20, 21, 22 என்று ஆறு வரி, எதிரே விலை, நிலைய வாசலில் பெயின்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மானிக்குக் கடைசியாக அளவு திருத்திய தேதியையும் கீழே எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறம் நீங்கள் வருவதாக இருந்தால் தை மாதத்தில் வாருங்கள், சம்பா அறுப்பைப் பார்க்கலாம், அப்போது சாலையெல்லாம் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்தில் குறுவையும் தாளடியும் வைக்கிற ஒரு விவசாயி